பாசிக்குள் பூஞ்சை
(பாசி வளர்ப்புக் குழுக்களின் மாதக் கூட்டத்தில் பேசியது)



பழைய ரொட்டியில் பூஞ்சை பிடிப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கடலுக்குள் வளரும் பாசியிலும் பூஞ்சை உண்டு. தமிழ்நாட்டுக் கடற்கரைப் பாசிகளை ஆராய்ந்த விஞ்ஞானிகள், பச்சை, பழுப்பு, சிவப்பு என மூன்று வகைப் பாசிக்குள்ளும் பலவிதப் பூஞ்சைகள் குடியிருப்பதாக 2010-இல் எழுதியிருக்கிறார்கள். பாசி வெளியே பார்க்க நல்லாத்தான் இருக்கும்.

பூஞ்சைக்கு வாயும் இல்லை, வயிறும் இல்லை. அப்புறம் எப்படிச் சாப்பிடுது? சோற்றை நல்லா மென்று பாருங்க, இனிக்கும். எச்சிலில் உள்ள ‘நொதி’ மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைப்பதால் வரும் இனிப்பு அது. பூஞ்சையும் நொதியை வெளியே கசியவிட்டு, இரையைக் கரைத்து, உறிஞ்சிக்கொள்கிறது.

இதில் நமக்கு என்ன? மரிக்கொழுந்துப் பாசியில் அகார், கட்டக்கோரையில் அல்ஜினேட், நாம் மிதவையில் கட்டும் கப்பாபைகஸில் கராஜீனன் இருக்கிறது. வியாபாரி காசு கொடுப்பது இந்தப் பசைச்சத்துக்குத்தான். சில பூஞ்சைகளின் நொதி கரைப்பதும் இதைத்தான்!

பிலிப்பைன்ஸ் நாட்டில், கப்பாபைகஸிலிருந்து பிரித்த பூஞ்சைகளை நல்ல பாசியில் விட்டுப் பார்த்தார்கள். அவற்றில் 3 வகை மட்டும் பாசியை வெளுக்க வைத்தன. ‘ஐஸ்-ஐஸ்’ என்கிற நோய் இது. இந்த ஆய்வும் 2010-இல் வந்ததுதான். தண்ணீர் சூடாகி, உப்பின் அளவு மாறி, பாசி சோர்ந்திருக்கும்போது இந்நோய் எளிதில் தாக்கும். பாக்டீரியாவும் இதற்குக் காரணமாகிறது.

அதற்காகப் பூஞ்சை எல்லாமே எதிரி இல்லை. துணி துவைக்கும் பவுடரில் சேர்க்கும் சில நொதிகள் பூஞ்சையிடமிருந்தே கிடைக்கின்றன. நம் பசைச்சத்தை அதுக்கு இரையாக்காமல் இருந்தால் போதும்.

நாம் செய்ய வேண்டியவை:

* வெளுத்த கிளையைப் பார்த்ததும் வெட்டி எடுத்துக் கரைக்குக் கொண்டு வரணும். கடலிலேயே வீசக் கூடாது.
* அறுத்த பாசியை மணலில் கொட்டாமல், வலை மேல் மெல்லிசாகப் பரப்பிக் காய வைக்கணும்.
* மழையும் ராத்திரிப் பனியும் படாமல் மூடி வைக்கணும்.
* ஈரத்தோடு சாக்கில் கட்டக் கூடாது. அது பூஞ்சைக்குப் பந்தி விரிச்ச மாதிரி!

ஈரம் இருந்தால் எடை கூடும் என்று நினைக்காதீங்க. இன்று கூடும் எடை, நாளை தரம் குறைந்து விலையில் கழியும். ஒருத்தர் சாக்கு கெட்டாலும் பெயர் கெடுவது குழுவுக்குத்தான். இந்த வாரமே உங்கள் குழுவில் இதைப் பேசுங்க.