மாதம் ஒருமுறை, அரை மணி நேரம்



ஏடிஹெச்டி (கவனக்குறைவு, மிகைச் செயல்பாட்டுக் கோளாறு) என்று எழுதிய சீட்டோடு ஒரு தாய் வீட்டுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பையனுக்கு ஏழு வயது. அவன் ஒரு இடத்தில் உட்காருவதில்லை, சொன்னதை முடிப்பதில்லை, வாரம் ஒரு பென்சில் பெட்டியைத் தொலைக்கிறான். டாக்டர் மாத்திரை எழுதியிருக்கிறார். "அவங்கப்பாவும் இந்த வயசுல இப்படித்தான் ஆடினான், மாத்திரையா கொடுத்தோம்?" என்கிறார் பாட்டி. "பிள்ளையை மந்தமாக்கிடாதீங்கக்கா" என்கிறார் பக்கத்து வீட்டுப் பெண். வகுப்பு ஆசிரியை மட்டும், "சீக்கிரம் ஏதாவது செய்யுங்க" என்று அனுப்பியிருக்கிறார். கொடுப்பதா, வேண்டாமா என்று அந்தத் தாய் இரவெல்லாம் யோசிக்கிறார். இந்தக் கேள்விக்கு வயது எண்பதுக்கு மேல்.

அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் மாநிலத்தில், மனநலப் பிரச்சினை உள்ள குழந்தைகளுக்காக 1931இல் ஒரு மருத்துவமனை திறந்தார்கள். அதன் பெயர் எம்மா பெண்டில்டன் பிராட்லி இல்லம். அங்கே சார்லஸ் பிராட்லி என்ற மருத்துவர் பணியாற்றினார். மூளையைப் படம் எடுப்பதற்காக முதுகுத்தண்டு நீரை வெளியேற்றிவிட்டுக் காற்றைச் செலுத்துவது அந்தக் காலத்து முறை. அதனால் குழந்தைகளுக்குத் தாங்க முடியாத தலைவலி வந்தது. அது தணியட்டும் என்று பென்சிட்ரின் என்ற ஆம்ஃபெட்டமின் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார் பிராட்லி. தலைவலிக்குப் பெரிய பலன் இல்லை. ஆனால் அங்கிருந்த பள்ளி ஆசிரியர்கள், சில பிள்ளைகள் திடீரென்று பாடத்தில் அமர்ந்து வேலை செய்வதைக் கவனித்தார்கள். பிறகு 30 குழந்தைகளுக்கு முறையாகக் கொடுத்துப் பார்த்ததில், 14 பேரிடம் வியக்கத்தக்க மாற்றம் தெரிந்தது. 1937இல் அதை வெளியிட்டார். பிள்ளைகளே அந்த மருந்துக்குக் 'கணக்கு மாத்திரை' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

இன்று உலகெங்கும் அதிகம் எழுதப்படும் மெத்தில்ஃபெனிடேட் 1944இல் ஸ்விட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் உருவானது. உருவாக்கிய லியாண்ட்ரோ பானிட்சோன் தம் மனைவி ரீட்டாவின் பெயரால் அதற்கு ரிட்டாலின் என்று பெயரிட்டார்.

பக்கத்து வீட்டுப் பெண்ணின் பயத்தை இங்கேயே பேசிவிடலாம். இந்த மாத்திரை மயக்க மருந்து அன்று, ஊக்கி மருந்து. கவனத்தையும் பொறுமையையும் ஆளும் மூளைப் பகுதிகளில் டோபமைன், நார்அட்ரினலின் என்ற இரண்டு வேதிப்பொருள்களின் அளவைக் கூட்டுகிறது. அளவு சரியாக இருந்தால் பிள்ளை மந்தமாகாது. பிள்ளை உயிர்ப்பில்லாமல், பொம்மைபோல் உட்கார்ந்திருந்தால் அளவு மிகுந்துவிட்டது, அல்லது அந்த மருந்து அவனுக்கு ஒத்துவரவில்லை என்று பொருள். உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

அதேபோல் இன்னொரு தவறான முடிவும் நம்மிடம் இருக்கிறது. "மாத்திரை கொடுத்ததும் அமைதியாகிவிட்டானே, அப்படியானால் அவனுக்கு ஏடிஹெச்டி இருப்பது உறுதிதானே?" என்கிறார்கள். உறுதியாகாது. 1978இல் ஜூடித் ராப்பபோர்ட் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், எந்தக் குறையும் இல்லாத 14 சிறுவர்களுக்கு ஊக்கி மருந்து கொடுத்துச் சோதித்தார். அவர்களுக்கும் ஓட்டமும் ஆட்டமும் குறைந்தன, கவனம் கூடியது. ஆகவே மாத்திரை வேலை செய்வதை வைத்து நோயை முடிவு செய்ய முடியாது.

பிறகு எதை வைத்து முடிவு செய்வது? இரத்தத்தில் பார்க்க முடியாது, ஸ்கேனிலும் தெரியாது. பெற்றோரும் ஆசிரியரும் சொல்வதை வைத்துத்தான் மருத்துவர் கணிக்க வேண்டும். ஆபத்து நுழையும் இடமும் அதுதான். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 9 லட்சத்து 37 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2012இல் ஒரு கட்டுரை வந்தது. அங்கே டிசம்பர் 31 வரை பிறந்தவர்கள் ஒரே வகுப்பு. ஜனவரியில் பிறந்தவனோடு ஒப்பிட்டால் டிசம்பரில் பிறந்தவன் கிட்டத்தட்ட ஒரு வயது இளையவன். அந்த டிசம்பர்ப் பையன்களுக்கு ஏடிஹெச்டி என்று முடிவு செய்யப்பட்டது 30 சதவீதம் அதிகம். மருந்து எழுதப்பட்டது 41 சதவீதம் அதிகம். பெண் பிள்ளைகளிடம் இந்த வித்தியாசம் இன்னும் பெரிது: முறையே 70, 77 சதவீதம்.

இதைப் படித்த அன்று எனக்கு நெஞ்சு கனத்துப்போனது. வயதில் சிறியதாக இருந்ததுதான் அந்தப் பிள்ளைகளில் பலர் செய்த தவறு. நம் ஊரிலும் 'ஒரு வருஷம் வீணாகிவிடும்' என்று வயது நிரம்பும் முன்பே எல்கேஜியில் சேர்த்துவிட்டு, பிறகு பிள்ளை உட்காரவில்லை என்று கவலைப்படுகிற வீடுகள் இருக்கின்றன.

இதனால் ஏடிஹெச்டி என்பதே கட்டுக்கதை என்று சொல்லிவிடவும் முடியாது. அப்படிச் சொல்பவர்கள் அந்தப் பிள்ளைகளின் வீட்டில் ஒரு வாரம் இருந்து பார்த்ததில்லை. நண்பர்கள் விளையாட்டில் சேர்க்காமல் ஒதுக்கியவன், தினமும் திட்டு வாங்கி 'நான் கெட்ட பையன்' என்று தானே நம்பத் தொடங்கியவன், யோசிக்காமல் சாலையில் ஓடியவன் என அவர்களின் துன்பம் உண்மையானது. சத்தம் போடாமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கும் பெண் பிள்ளைக்கும் இது இருக்கலாம். அவள் யாருக்கும் தொந்தரவு தராததால் பல வருடம் யாரும் கண்டுகொள்வதில்லை.

இப்போது அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய ஆய்வைச் சொல்ல வேண்டும். எம்டிஏ என்று அதை அழைப்பார்கள். ஏழு முதல் ஒன்பது வயது வரையிலான 579 பிள்ளைகளை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். முதல் குழுவுக்கு மருந்து. இரண்டாவது குழுவுக்குப் பெற்றோர் பயிற்சி, பள்ளியில் உதவி, நடத்தைப் பயிற்சி. மூன்றாவது குழுவுக்கு இரண்டும். நான்காவது குழுவை, அவரவர் ஊர் மருத்துவரிடமே பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். 14 மாதம் கழித்து 1999இல் முடிவு வந்தது. அறிகுறிகள் குறைந்ததில் மருந்துக் குழுவும், இரண்டும் பெற்ற குழுவும் முன்னால் நின்றன. இரண்டும் பெற்றவர்களுக்குக் குறைந்த அளவு மருந்தே போதுமானதாக இருந்தது. 'பார்த்தீர்களா, மருந்துதான் வழி' என்று பலரும் அத்தோடு நிறுத்திக்கொண்டார்கள்.

நான் கவனிக்கச் சொல்வது நான்காவது குழுவை. அவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகளும் மருந்து சாப்பிட்டவர்கள்தான். இருந்தும் முதல் குழு அளவுக்கு அவர்கள் தேறவில்லை. பெரும்பாலும் மருந்தில்லாமல் நடத்தைப் பயிற்சி பெற்றவர்களின் அளவுக்குத்தான் தேறினார்கள். முதல் குழுவில் தொடக்கத்திலேயே ஒவ்வொரு பிள்ளைக்கும் அளவைக் கூட்டியும் குறைத்தும் பார்த்துத் தீர்மானித்தார்கள். பிறகு மாதம் ஒருமுறை, அரை மணி நேரம் மருத்துவர் பார்த்தார். ஆசிரியரிடமிருந்து மாதாமாதம் தகவல் வாங்கினார். ஊர் மருத்துவர்களிடம் போன பிள்ளைகளுக்கு வருடத்துக்கு ஓரிரு சந்திப்புதான் கிடைத்தது.

14 மாதத்துக்குப் பிறகு ஆய்வுக் குழுவின் கவனிப்பு நின்றது. குடும்பங்கள் அவரவர் வழியில் போயின. மூன்று வருடம் முடிந்து பார்த்தபோது, நான்கு குழுக்களுக்கும் இடையிலிருந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. விடாமல் மருந்து எடுத்த பிள்ளைகள், எடுக்காதவர்களைவிடச் சுமார் இரண்டு சென்டிமீட்டர் குள்ளமாக இருந்தார்கள். மருந்து நீண்ட காலம் உதவாது என்கிறது ஒரு தரப்பு. கவனிப்பு நின்றதால்தான் பலன் போனது என்கிறது இன்னொரு தரப்பு. என்னைக் கேட்டால், இரண்டாவது தரப்பின் பேச்சில் நியாயம் அதிகம் என்பேன். ஆனால் வருடக்கணக்கில் கவனிக்காமல் மாத்திரையை மட்டும் நீட்டிக்கொண்டே போகக் கூடாது என்பதை இரு தரப்பும் மறுக்க முடியாது.

பெற்றோர்களே, ஒருசில விஷயங்களை மட்டும் கவனத்தில் வையுங்கள். வீட்டில் மட்டும், அல்லது பள்ளியில் மட்டும் தொந்தரவு என்றால் அது ஏடிஹெச்டியாக இல்லாமல் போகலாம். குறைந்தது இரண்டு இடங்களில், ஆறு மாதமாவது அறிகுறிகள் தொடர்ந்திருக்க வேண்டும். தூக்கம், காது, கண், வீட்டுச் சண்டை, எழுத்துக்கூட்டிப் படிப்பதில் உள்ள சிரமம் எல்லாவற்றையும் முதலில் பாருங்கள். நான்கு, ஐந்து வயதுப் பிள்ளை என்றால் பெற்றோருக்கான பயிற்சியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கமே சொல்கிறது. மாத்திரை தொடங்கினால், மதியச் சாப்பாட்டு டப்பா அப்படியே திரும்பி வருகிறதா, இரவு தூக்கம் எப்போது வருகிறது என்று குறித்து வையுங்கள். உயரம், எடை, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் ஒவ்வொரு முறையும் பார்க்கப்பட வேண்டும். மருத்துவரைக் கேட்காமல் அளவைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

உங்கள் பிள்ளைக்கு உண்மையிலேயே தேவை என்று தெரிந்தால் குற்ற உணர்வில்லாமல் கொடுங்கள். ஆனால் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்துவிடாதீர்கள். "அடுத்து எந்தத் தேதியில் கூட்டி வரட்டும்? வரும்போது டீச்சரிடம் என்ன கேட்டு எழுதி வாங்கி வரட்டும்?" என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லும் மருத்துவரிடம் பிள்ளையை ஒப்படையுங்கள்.