கொடிமலையும் திரும்பும் டிக்கெட்டும்

பினாங்கு என்றதும் எல்லாரும் சாப்பாட்டைப் பற்றித்தான் பேசுகிறார்கள். இன்று அதை விட்டுவிடுவோம். ஜார்ஜ்டவுனுக்கு மேற்கே நிற்கிற கொடிமலைக்கு உங்களை அழைத்துப் போகிறேன். அப்படியே இன்னும் தூரத்து மலைகளுக்கும் ஒரு நடை போய்வரலாம். சபாவின் கினபாலுவுக்கும் இமயத்துக்கும் கிளம்பும் இந்த ஊர்க்காரர்கள் காலைப் பழக்குவது கொடிமலையில்தானே.

விடிந்தும் விடியாமல் தாவரவியல் பூங்கா வாசலுக்கு வாருங்கள். 1884இல் தொடங்கிய பூங்கா அது. தண்ணீர்மலை முருகன் கோயிலைத் தாண்டிப் போக வேண்டும். அந்த நேரத்திலேயே வாசலில் கூட்டம் இருக்கும். சீனத் தாத்தாக்கள், நம் பிள்ளைகள், முதுகில் தண்ணீர்ப் புட்டிகளை அடுக்கிய பெரிய பையோடு நாலைந்து பேர். அந்தப் பைக்காரர்கள்தான் எங்கோ பெரிய மலைக்கு நாள் குறித்தவர்கள். பாரம் தூக்கிப் பழகுகிறார்கள். வாசலை ஒட்டி ஜீப் சாலை ஏறுகிறது. சுமார் 5 கிலோமீட்டர்தான், தார் போட்ட சாலைதான், ஆனால் கெண்டைக்கால் பேச ஆரம்பித்துவிடும். காட்டுவழி வேண்டுமென்றால் கொஞ்சம் தள்ளி ‘மூன் கேட்’ என்கிற வட்ட வாசல் இருக்கிறது. வேர்களும் படிகளுமாக அது ஒரு தனி ஏற்றம். எந்த வழியில் வந்தாலும் ‘84’ என்று சொல்கிற இளைப்பாறும் இடத்தில் சூடாகத் தேநீர் குடிக்காமல் யாரும் மேலே போவதில்லை. மலையின் மிக உயர்ந்த இடம் 833 மீட்டர். ஊர்ச் சூட்டிலிருந்து ஏறியவர்களுக்கு உச்சிக் காற்று அவ்வளவு இதமாக இருக்கும்.

நடக்க முடியாதவர்களுக்கு ஆயர் ஈத்தாம் பக்கத்தில் மலை ரயில். அதற்கு முன்னே வெள்ளைக்காரர்கள் குதிரையிலும், ஆட்கள் தோளில் சுமந்த டோலியிலும் ஏறினார்கள். உச்சியில் கொடிக்கம்பம் நட்டு, எந்தக் கப்பல் வருகிறது என்று கீழே நகரத்துக்குச் சைகை காட்டினார்கள். ரயில் போட முதலில் எடுத்த முயற்சி தோற்றது. இரண்டாம் முயற்சியில் 1923இல் ஓடியது. பாதி வழியில் வண்டி மாறி அரை மணி நேரம் ஏறிய காலம் 2011இல் புது ரயிலோடு போயிற்று.

இந்த மலையும் மழைக்கு அடங்கியதுதான். 2017 நவம்பர் 4ஆம் தேதி இரவு புயல்மழை கொட்டியது. மலையெங்கும் மண் சரிந்தது. ரயில் நின்றது, ஜீப் சாலை பல இடங்களில் உடைந்தது. ரயிலை முதலில் ஓட்டிவிட்டார்கள், சாலையைச் சரிசெய்ய வெகுகாலம் பிடித்தது. விமான நிலையமும் மருத்துவமனைகளும் கூப்பிடு தூரத்தில் இருக்கிற மலைக்கே இந்தக் கதி. விமானத்தை நம்பியே போகிற மலையில் என்ன ஆகும்?

சரவாக்கின் பாரியோவை எடுத்துக்கொள்வோம். கெலாபிட் மக்களின் மேட்டுநிலம், சுமார் 1,000 மீட்டர் உயரம். இரண்டாம் உலகப் போரில், 1945இல் பிரிட்டிஷ் அதிகாரி டாம் ஹாரிசன் பாராசூட்டில் குதித்து இறங்கிய இடம். மிரியிலிருந்து 19 பேர் உட்காருகிற டுவின் ஆட்டர் விமானம் போகும். பையை மட்டுமல்ல, உங்களையும் தராசில் நிறுத்துவார்கள், கூச்சப்பட்டுப் பயனில்லை. பள்ளத்தாக்கை மேகம் மூடினால் ஓடுபாதை தெரியாது, அன்றைக்கு விமானம் இல்லை. மரம் வெட்டும் கம்பெனிகள் போட்ட மண் பாதை இருக்கிறது, ஜீப்பில் பகல் முழுதும் ஆகும். ஆனால் விமானத்தை நிறுத்திய அதே மழை அந்தப் பாதையையும் சேறாக்கியிருக்கும். நம்மவர்களுக்கு வசதியான ஆண்டிறுதி விடுமுறையோ வடகிழக்குப் பருவமழை சரவாக்கைப் பிடிக்கிற காலம்.

நேப்பாளத்தின் லுக்லாவில் இது இன்னும் கடுமை. எவரெஸ்ட் பாதைக்கு அதுதான் வாசல். ஓடுபாதை 527 மீட்டர்தான், அதுவும் சரிவானது. ஒரு முனையில் மலைச்சுவர், மறுமுனையில் பள்ளம். மத்தியானத்துக்குள் காற்று எழும்பிவிடும் என்பதால் காலையில்தான் பறப்பார்கள். நெரிசல் மாதங்களில் காட்மாண்டுவுக்குப் பதில் நாலைந்து மணி நேரச் சாலைப் பயணத்தில் இருக்கிற மந்தலியிலிருந்து விமானத்தை விடுகிறார்கள், நள்ளிரவிலேயே வேனில் கிளம்ப வேண்டும். 2011 நவம்பரில் நாள்கணக்கில் மூடுபனி நீடித்து, ஆயிரக்கணக்கானோர் லுக்லாவில் மாட்டிக்கொண்டார்கள். 1997 மே 23இல் எவரெஸ்டில் ஏறிய முதல் மலேசியர்களான மகேந்திரன், மோகனதாஸ் இருவரும் நம் தமிழர்கள். அந்தப் பெருமையில் இன்றும் பல பிள்ளைகள் லுக்லாவுக்கு டிக்கெட் போடுகிறார்கள், திரும்பி வந்த மறுநாளே வேலைக்குப் போகிற கணக்கில்.

இங்கே ஒன்று கவனியுங்கள். இன்று விமானம் ரத்தானால் நாளைக்கு நீங்கள்தான் முதலில் என்று நினைக்காதீர்கள். நாளைய விமானத்தில் இடம் பதிந்தவர்கள் முதலில் போவார்கள். மிச்ச இடம், கூடுதல் விமானம் இருந்தால்தான் உங்களுக்கு. ஒரு நாள் மூடுபனி இரண்டு மூன்று நாள் காத்திருப்பாக நீள்வது இப்படித்தான். ஆகவே கூடுதல் நாளைப் பயணத்தின் முன்பக்கம் வைக்காதீர்கள், திரும்பும் பக்கம் வையுங்கள். பாரியோவுக்கு இரண்டு நாள், லுக்லாவுக்கு மூன்று நாலு. அந்த நாள்களை மலையிலேயே கழிக்கவும் வேண்டாம். நடை முடிந்ததும் கிடைக்கிற முதல் விமானத்தில் மிரிக்கோ காட்மாண்டுவுக்கோ இறங்கிவிட்டு, அங்கே ஊர் சுற்றுங்கள். வானம் தெளிவாக இருந்தால் உங்களுக்கு ஓய்வு, இல்லாவிட்டாலும் ஊர் திரும்பும் பெரிய விமானம் கையை விட்டுப் போகாது.

கினபாலுவுக்கு இந்தக் கணக்கு பாதிதான் செல்லும். 4,095 மீட்டர் உச்சிக்கு முன் பனலாபானில் ஓர் இரவுப் படுக்கை, ஏறுவதற்கு அனுமதி, இரண்டும் தேதி போட்டே கிடைக்கும். அதிகாலையில் மழையும் காற்றும் பலமானால் மேலே விடமாட்டார்கள். மறுநாள் ஏறலாமென்றால் உங்கள் படுக்கை வேறொருவருக்குப் போயிருக்கும். கூடுதல் நாள் கையில் இருந்தும் உச்சி கிடைக்காமல் போகலாம். அதை ஏற்றுக்கொண்டுதான் கிளம்ப வேண்டும்.

வீடு திரும்பும் கடைசித் துண்டில்தான் பலர் சறுக்குகிறார்கள். கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு வரும் விமானங்களில் சில சுபாங்கிலிருந்து கிளம்புகின்றன, சில செப்பாங்கிலிருந்து. செப்பாங்கிலும் இரண்டு முனையங்கள். மலிவு என்று இரண்டு டிக்கெட்டைத் தனித்தனியே வாங்கினால், முதல் விமானம் தாமதமானதற்கு இரண்டாவது கம்பெனி பொறுப்பேற்காது. காப்புறுதி எடுக்கும்போதும் எத்தனை மீட்டர் உயரம் வரை, வானிலைத் தாமதம் சேர்த்தியா என்று இரண்டையும் கேட்டு எழுதி வாங்குங்கள்.

கொடிமலையில் பழக ஜனவரி, பிப்ரவரி நல்லது. பினாங்கில் மழை குறைவான மாதங்கள். தைப்பூசமும் அப்போதுதான் வரும். அன்றைக்குத் தண்ணீர்மலைப் பக்கச் சாலைகளை அடைத்துவிடுவார்கள், பூங்கா வாசலை எட்டவே முடியாது. பாயான் லெப்பாஸில் விமானம் பிடிக்கிறவர்கள் சீக்கிரமே புறப்பட வேண்டும். அன்றைக்கும் மலைதான் வேண்டுமென்றால் கொம்தாரில் 204 எண் பஸ்ஸைப் பிடித்து, ஆயர் ஈத்தாம் பக்கமாகப் போய் ரயிலில் ஏறிக்கொள்ளுங்கள்.