கணிப்பொறி எழுத்தும் நம்மவர் பெயரும்



1893இல் இரட்டைமலை சீனிவாசனார் 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கையால் கோத்து அச்சிட்ட காலம் அது. இன்று அரூரிலும் பென்னாகரத்திலும் நம் பிள்ளைகள் கணிப்பொறியின் முன் அமர்ந்து விண்ணப்பங்களும் பெயர்ப்பட்டியல்களும் அடிக்கின்றனர். அவர்கட்கு உதவும் சில செய்திகளையே நாங்கள் இங்கே சொல்ல விழைகின்றோம்.

இது சிறிய செய்தியன்று. பள்ளிச் சான்றிதழில் ஒருவாறும் சாதிச் சான்றிதழில் வேறொருவாறும் பெயர் அமைந்துவிட்டால் உதவித்தொகை விண்ணப்பம் திரும்பி வருகின்றது. தருமபுரிக்கு மீண்டும் பேருந்துக் கட்டணம். பெற்றோருக்கு ஒரு நாள் கூலி இழப்பு.

ஒரு பகுதியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டும் முறையை 1970களில் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் லாரி டெஸ்லரும் அவர்தம் தோழரும் வகுத்தனர். கண்ட்ரோல் விசையுடன் சி, பின்னர் வி, அவ்வளவே. ஆயினும் பழைய தமிழ்க் கோப்பிலிருந்து ஒட்டினால் தமிழ் மறைந்து பொருளற்ற ஆங்கில எழுத்துகள் தோன்றுவதைப் பலரும் கண்டிருப்பீர்கள். காரணம் என்ன? கணிப்பொறி எழுத்துகளை எண்களாகவே காக்கின்றது. வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களின் மேல் தமிழ் வடிவங்களைப் போர்த்தியிருந்தன. போர்வை நீங்கினால் ஆங்கிலமே எஞ்சும். 1991இல் வந்த யூனிகோடு முறையில் தமிழுக்குத் தனி எண்கள் உண்டு. 'அ' என்பது 2949. தமிழ்நாடு அரசும் 2010இல் யூனிகோடு முறையை ஏற்றது. ஆதலின் பழைய கோப்புகளை முதலில் எழுத்துமாற்றிகொண்டு யூனிகோடுக்கு மாற்றுக, பிறகே ஒட்டுக.

இன்னொரு சிக்கல் கண்ணுக்குத் தெரியாதது. 'சௌந்தரி' என்னும் பெயரில் வரும் ஔகாரக் குறியைச் சிலர் ஒற்றைக்கொம்பும் 'ள' எழுத்துமாக அடித்துவிடுகின்றனர். தாளில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். கணிப்பொறிக்கோ இரண்டும் வேறு. தேடினால் பெயர் கிடைக்காது. தமிழ்99 விசைப்பலகையில் 'ச', அடுத்து 'ஔ' என இரு விசைகளே போதும். தவறாக அடித்தவற்றைத் திருத்தக் கண்ட்ரோலுடன் எச் விசை உண்டு. ஆனால் ஒற்றைக்கொம்பையும் ளகரத்தையும் கண்ட இடமெல்லாம் ஔகாரமாக்கு என்று ஒரேயடியாகக் கட்டளையிட்டால், வெள்ளையம்மாள் பெயர் சிதையும்; இந்த வெள்ளி விழாவின் பெயரும் சிதையும்! முதலெழுத்தையும் சேர்த்துத் தேடி, ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுதலே நன்று.

நாள்தோறும் ஒரே வரிசையில் செய்யும் வேலையை மேக்ரோவாகப் பதிந்து வைக்கலாம். வேர்டு மென்பொருளில் 'வியூ' பகுதியில் 'ரெக்கார்ட் மேக்ரோ' உள்ளது. லிப்ரே ஆபீஸில் அவ்வசதியை முதலில் 'ஆப்ஷன்ஸ்' பகுதியின் 'அட்வான்ஸ்டு' பக்கத்தில் இயக்குதல் வேண்டும். இது விலையின்றிக் கிடைப்பதால் நம் போன்ற சங்கங்களுக்கு ஏற்றது என்பது எங்கள் கருத்து. முன்பின் அறியாதார் அனுப்பும் மேக்ரோவை மட்டும் இயக்கலாகாது. அதில் நச்சுநிரல் ஒளிந்திருக்கக்கூடும்.

நூறு மாணவருக்கு ஒரே கடிதம் எழுத நேர்ந்தால், முந்தியவர் கடிதத்தை நகலெடுத்துப் பெயரை மட்டும் மாற்றும் பழக்கத்தை விடுக. தந்தை பெயரோ பிறந்த நாளோ மாறாமல் நின்றுவிடும். பெயர்களை எக்செல் பட்டியலில் ஒருமுறை அடித்து, மெயில் மெர்ஜ் வழியே கடிதத்தோடு இணைத்தால் உரிய இடங்களில் உரிய விவரம் தானே வந்து அமரும்.

அச்செடுத்தபின் இருவர் அமர்க. ஒருவர் பள்ளிச் சான்றிதழைப் பார்த்து எழுத்தெழுத்தாக வாசிக்க, மற்றவர் பட்டியலில் குறியிட்டு வருக. மாணவரோ பெற்றோரோ உடனிருந்தால் முன்னெழுத்தையும் அவரிடமே கேட்டுவிடலாம்.