இரண்டாண்டு விஞ்ஞானப் பட்டமும் பொதுக் கல்வியும்

(சங்கத்தின் ஆண்டுவிழாக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இச்சபையிற் பேசுதற்குரிய வயதோ அனுபவமோ எனக்கில்லை. இதே மண்டபத்தின் பின்வரிசையிலிருந்து பேச்சுப் போட்டிகளைக் கேட்டுக் கைதட்டியவன் நான். விடுமுறைக்கு வீடு வந்த என்னைச் செயலாளர் அவர்கள் கண்டு, "தம்பி, அமெரிக்காவிலை படிக்கிறாய், அந்தப் படிப்பைப் பற்றி எங்கடை பிள்ளையளுக்கு நாலு வார்த்தை சொல்லு" என்று பணித்தார். நான் திண்ணமாக அறிந்தது ஒன்றே. அதுவும் தவறு செய்து அறிந்தது. அதனையே உங்கள் முன் வைக்கிறேன்.

உயர்தரப் பரீட்சையிற் சித்தியடைந்தோர் எல்லாருக்கும் நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் இடமில்லை என்பதை யாவரும் அறிவர். ஆகவே சிலர் பிறநாடு செல்ல எண்ணுகின்றனர். அவர்களுட் சிலர், செலவைக் குறைக்கும் பொருட்டு, அமெரிக்காவின் இரண்டாண்டுக் கல்லூரியொன்றிற் சேர்ந்து, பின்னர் சர்வகலாசாலைக்கு மாறும் வழியைத் தேர்கின்றனர். நானும் அவ்வழியே 2022ஆம் ஆண்டிற் கலிபோர்னியா மாநிலத்துக்குச் சென்றேன்.

இந்த ஏற்பாடு இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1901ஆம் ஆண்டில் இலினோய் மாநிலத்து ஜோலியற் நகரிற் தொடங்கிய கல்லூரியே இவ்வகை அரசாங்கக் கல்லூரிகளுள் மிக மூத்தது. கலிபோர்னியாவில் 1910ஆம் ஆண்டிற் பிரெஸ்னோ நகரில் முதலாவது கல்லூரி எழுந்தது. 1960ஆம் ஆண்டில் அம்மாநிலம் உயர்கல்விப் பெருந்திட்டமொன்றை வகுத்து, இரண்டாண்டுக் கல்லூரிகள், மாநிலச் சர்வகலாசாலைத் தொகுதி, கலிபோர்னியாச் சர்வகலாசாலைத் தொகுதி என மூன்று படிகளை ஒழுங்குபடுத்தியது. கீழ்ப்படியிற் கால்வைத்தவன் மேற்படிக்கு ஏறலாம் என்பதே அதன் உயிர்நிலை. இன்று அம்மாநிலத்தில் 116 இரண்டாண்டுக் கல்லூரிகள் உள்ளன.

அங்கே படிப்பை அலகுகளால் அளக்கின்றனர். அரையாண்டுத் தவணையொன்றில் வாரந்தோறும் ஒரு மணி நேர விரிவுரையும், அதற்கென இரண்டு மணி நேரச் சொந்தப் படிப்பும் சேர்ந்தது ஏறக்குறைய ஓர் அலகு. 60 அலகுகளில் இரண்டாண்டு விஞ்ஞானப் பட்டம். 120 அலகுகளில் முழுப் பட்டம். இந்த 60இற்குள் விஞ்ஞானப் பாடங்களோடு பொதுக் கல்விப் பாடங்களும் அடங்கவேண்டும். இங்கேதான் நம்மவர் இடறுகின்றனர்.

இடறுவதற்குக் காரணமுண்டு. நாம் பதினாறு வயதளவிற் கணிதமா, உயிரியலா, வர்த்தகமா, கலையா என்று பிரிந்துவிடுகிறோம். பிரிந்தபின் விஞ்ஞான மாணவன் இலக்கியத்தைத் தொடுவதில்லை. கலை மாணவன் விஞ்ஞானத்தைத் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் பயின்ற மிஷன் பாடசாலையிலும் அப்படியே. அவ்வாறு பழகிய ஒருவனிடம், "நீ உயிரியற் பட்டம் பெறுமுன் மேடைப்பேச்சும், ஓவிய வரலாறும், சமூகவியலும் கற்கவேண்டும்" என்றால், இவையெல்லாம் வீண் சுமை என்றே அவன் எண்ணுவான். சுமையை முதலில் இறக்கிவைத்துவிட்டால் பின்னர் விஞ்ஞானத்தை ஆறுதலாகப் படிக்கலாம் என்றும் எண்ணுவான். நான் அப்படித்தான் எண்ணினேன். எனக்கு முன் சென்ற ஒருவரும் நல்லெண்ணத்தோடு அவ்வாறே அறிவுரை கூறினார்.

முதலாண்டு முழுவதும் பொதுக் கல்விப் பாடங்களையே எடுத்தேன். அவற்றுள் கணிதத்திற்கென ஒன்று வேண்டும் என்றிருந்தது. கலை மாணவர்க்கான இலகுவான கணிதத்தை எடுத்தேன். உயிரியலுக்கென ஒன்று வேண்டும் என்றிருந்தது. விஞ்ஞானம் பயிலாதோர்க்கான அறிமுக உயிரியலை எடுத்தேன். எல்லாவற்றிலும் அதிசிறப்புப் புள்ளி. வீட்டில் எல்லாருக்கும் பெருமகிழ்ச்சி.

இரண்டாம் ஆண்டின் தொடக்கத்திற் கல்லூரி ஆலோசகர் முன் அமர்ந்தபோதுதான் உண்மை விளங்கிற்று. உயிரியற் பட்டத்திற்குப் பொது இரசாயனம் இரண்டு தவணை. அது முடிந்த பின்னரே சேதன இரசாயனம். அதுவும் இரண்டு தவணை. ஆக இரசாயனம் மட்டுமே நான்கு தவணை; அதாவது முழு இரண்டு ஆண்டு. எனக்கு எஞ்சியிருந்ததோ இரண்டு தவணை. இலகுவான கணிதம் பொதுக் கல்விக்கு உதவிற்றேயன்றிப் பட்டத்திற்கு உதவவில்லை. நுண்கணிதம் புதிதாகப் படிக்கவேண்டும். அறிமுக உயிரியலின் கதையும் அதுவே. நான் நுண்கணிதத்தையும் விஞ்ஞான மாணவர்க்கான உயிரியலையும் முதலிலேயே எடுத்திருந்தால், அவையே பொதுக் கல்வியின் அந்த இடங்களையும் நிரப்பியிருக்கும். ஒரு கல்லில் விழவேண்டிய இரண்டு மாங்காய்களுக்கு நான் இரண்டு கல் எறிந்தேன். அதற்கு விலையும் கொடுத்தேன்.

அந்த விலை சிறிதன்று. பிறநாட்டு மாணவன் ஒவ்வோர் அலகுக்கும் பல நூறு டொலர் கட்டுகிறான். இரண்டாண்டுப் படிப்பு எனக்கு மூன்றாண்டாயிற்று. தொலைபேசியிற் செய்தியைச் சொன்னபோது அப்பா ஏசவில்லை. "இன்னும் எவ்வளவு காலம் தம்பி?" என்று மட்டும் கேட்டார். அக்கேள்வி இன்றும் என் காதில் நிற்கிறது.

சகோதரர்களே, இனி வழியைச் சொல்கிறேன். 2025ஆம் ஆண்டு இலையுதிர்காலந்தொட்டுக் கலிபோர்னியாவில் இரு சர்வகலாசாலைத் தொகுதிகளுக்கும் பொதுவான ஒரே பொதுக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது. அதில் 11 பாடங்கள், 34 அலகுகள். ஆங்கிலக் கட்டுரை, தருக்கச் சிந்தனை, மேடைப்பேச்சு ஆகிய மூன்றுக்கும் 9, கணிதத்திற்கு 3, கலையும் மானிடவியற் கல்வியும் 6, சமூக விஞ்ஞானம் இரு துறைகளில் 6, பௌதிக விஞ்ஞானமும் உயிரியலும் ஆய்வுகூடத்தோடு 7, அமெரிக்காவின் பூர்வகுடிகள், கறுப்பினத்தவர் முதலிய இனங்களின் வரலாறு 3. ஒவ்வொரு பாடத்திலும் 'சி' தரமாவது பெறவேண்டும்.

இவற்றுள் கணிதத்தின் 3 அலகையும் விஞ்ஞானத்தின் 7 அலகையும் உங்கள் பட்டப் பாடங்களே நிரப்பிவிடும். மிஞ்சுவது 24 அலகு, எட்டுப் பாடங்கள். தவணைகள் நான்கு. ஆகவே தவணைக்கு இரண்டு. இக்கணக்கை மனத்திற் பதித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

மற்றப் பாதி, வரிசை. நான்கு கட்டங்கள் வரைந்த தாளொன்றை எடுங்கள். முதலில் மிக நீண்ட சங்கிலியை எழுதுங்கள்: உயிரியல் மாணவனுக்கு அது இரசாயனம், ஒவ்வொரு கட்டத்திலும் ஒன்று. அடுத்து நுண்கணிதம், அது பௌதிகத்திற்கு முன் வரவேண்டும். அதன் பின் உயிரியல். எஞ்சிய இடங்களிலே பொதுக் கல்வியைப் பகிர்ந்து வையுங்கள். அங்கும் ஒரு சிறு சங்கிலி உண்டு. ஆங்கிலக் கட்டுரை முடிந்த பின்னரே தருக்கச் சிந்தனை எடுக்கலாம். ஆதலால் ஆங்கிலத்தை முதற் தவணையிலேயே வையுங்கள். கடினமான ஆய்வுகூடப் பாடம் இரண்டு வரும் தவணையில், கோடை விடுமுறை வகுப்புக்கு ஒரு பொதுப் பாடத்தைத் தள்ளிவிடலாம்.

மற்றொன்றையும் கவனியுங்கள். கலிபோர்னியாச் சர்வகலாசாலைக்கு மாறுவதற்கான விண்ணப்பம், சேர்வதற்கு முந்திய ஆண்டின் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலே கேட்கப்படுகிறது. அதாவது இரண்டாண்டுப் படிப்பிற் பாதியளவே முடிந்திருக்கும்போது. அவ்வேளை உங்கள் பெறுபேற்றுத் தாளில் விஞ்ஞானப் பாடமே இல்லையெனில், விஞ்ஞானப் பட்டத்திற்கு உங்களை எதனைக் கொண்டு மதிப்பர்?

"இவ்வளவும் 60 அலகிற்குள் அடங்குமா?" என்று கணக்கிற் கெட்டிக்காரர் ஒருவர் கேட்கலாம். சரியான கேள்வி. இரசாயனம் 20, உயிரியல் 10, நுண்கணிதமும் பௌதிகமும் எட்டெட்டு என்று வைத்தால் 46. பொதுக் கல்வியின் 24 சேர 70. இரண்டாண்டுக் கல்லூரியிலிருந்து இத்தொகுதிகள் பட்டக் கணக்கிற்கு ஏற்கும் உச்ச அளவும் 70 அலகே. ஆகவே விரயத்திற்கு இடமில்லை. 2010ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்ட மாற்றப் பட்டம் 60 அலகுகளில் அமைந்தது. விஞ்ஞானத் துறைகளுக்கு அவசியமானால் மேலும் 6 அலகு சேர்க்க 2021ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. அப்பட்டத்தை நாடுவோர் தம் துறைக்கு விதித்த பாடங்களை மட்டும் எடுத்துப் பொதுக் கல்வியை முழுமையாக முடிக்கவேண்டும். கலிபோர்னியாச் சர்வகலாசாலையோ, பொறியியலுக்கும் சில விஞ்ஞானத் துறைகளுக்கும் வருவோர் பட்டத்துக்கான ஆயத்தப் பாடங்களை முதன்மையாக முடிக்கவேண்டும் என்று அறிவுறுத்துகிறது; பொதுக் கல்வியில் எஞ்சியதைச் சேர்ந்தபின் முடிக்கலாம். எனவே எங்கே போகப் போகிறோம் என்பதை அறியாமற் திட்டமிட முடியாது. எந்தக் கல்லூரியின் எந்தப் பாடம் எந்தச் சர்வகலாசாலையில் ஏற்கப்படும் என்பதை 'அசிஸ்ட்' என்னும் உத்தியோகபூர்வ இணையத்தளம் துறைவாரியாகக் காட்டுகிறது. நண்பன் சொன்னான், அண்ணன் சொன்னார் என்று நம்பாமல் அதனைப் பார்த்து, ஆலோசகரையும் முதல் வாரத்திலேயே காணுங்கள். நான் கண்டது ஓராண்டு கழித்து.

இவ்வளவும் கேட்டபின், பொதுக் கல்வி வெறும் இடைஞ்சல் என்று நான் சொல்வதாகக் கொள்ளாதீர்கள். என்னிடம் பணத்தையும் காலத்தையும் வாங்கியது என் வரிசைப் பிழையேயன்றி அப்பாடங்கள் அல்ல. மேடைப்பேச்சு வகுப்பில் முதல் நாள் நாக்கு உலர்ந்து நின்றவன் இன்று உங்கள் முன் நிற்கிறேன். ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையின் முடிபு அதன் சான்றுகளுக்கு மேற் தாவுகிறதா என்று பார்க்க எனக்குக் கற்பித்தது இரசாயன ஆய்வுகூடமன்று. தருக்கச் சிந்தனை வகுப்பே.

இது நமக்குப் புதிதுமன்று. அமெரிக்க மிஷனரிமார் 1823ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரியிற் கணிதமும் வானசாத்திரமும் தமிழும் ஆங்கிலமும் ஒரே மாணவனுக்கே கற்பிக்கப்பட்டன. அங்கு பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவரானார். பின்னர் தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் பதிப்பித்துத் தந்தார். 1855ஆம் ஆண்டில் அச்செமினரி மூடப்பட்டது. ஆயினும் பல துறைகளை ஒருவனே கற்கும் அவ்வழக்கத்தை நம் முன்னோர் கண்டும் அனுபவித்தும் இருக்கின்றனர்.

பெரியோர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளையின் புள்ளிகளை மட்டும் கேளாதீர்கள். "இந்தப் பாடம் எதற்கு முன் வருகிறது? அடுத்த தவணைக்கு எது இதை வேண்டுகிறது?" என்றும் கேளுங்கள். நான் அதிசிறப்புப் புள்ளி பெற்றுக்கொண்டே வழி தவறினேன். யாரேனும் இக்கேள்வியைக் கேட்டிருந்தால் அப்பாவுக்கு ஓராண்டுக் கடன் மிஞ்சியிராது.

இக்கூட்டம் முடிந்தபின் சங்க வாசிகசாலையில் இருப்பேன். போக எண்ணுவோர் நான்கு கட்டங்கள் வரைந்த தாளொன்றுடன் வாருங்கள், சேர்ந்திருந்து நிரப்புவோம்.