குளிர்நாட்டிலே கொதித்த கணனி
(மன்றக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



இந்த மேடையிலே கணனி பழுது பார்ப்பதைப் பற்றியா பேசுவது என்று சிலர் எண்ணக்கூடும். லயத்து வீட்டில் மடிக்கணனி ஒருவருடைய உடைமையன்று. அம்மா சீட்டுப் பிடித்த பணத்திலே, பிறர் பாவித்த கணனி ஒன்றை வாங்கினோம். தம்பியின் பாடமும் எங்கள் பல்கலைக்கழக ஒப்படையும் அதிலேதான்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆந் திகதியுடன் நின்றதல்லவா? அதையொட்டி நாங்களும் விண்டோஸ் 11க்கு மாறினோம். அன்றிரவே விசிறி இரைந்தது. விசைப்பலகையில் கை வைக்க முடியவில்லை. எழுதிக்கொண்டிருக்கையிலேயே கணனி தானாக அணைந்தது. ஒப்படைக்கோ நான்கு நாள்தான் இருந்தது. நகரத்துக் கடையொன்றிலே, திறந்தும் பாராமல், “மதர்போர்ட் போய்விட்டது” என்றார்கள். கேட்ட தொகை அம்மாவின் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல்.

நாங்கள் வீட்டுக்குத் திரும்பிவிட்டோம்.

புதிய மென்பொருள் புகுந்தவுடன் கோப்புகளையெல்லாம் அட்டவணைப்படுத்தும். வைரஸ் காவலும் சோதனையிடும். அதனால் சில மணி நேரம், சிலவேளை ஓரிரு நாள், சூடேறுவது இயல்பு. மேசைமேல் வைத்து, மின்னிணைப்புக் கொடுத்து, ஓரிரவு விட்டுவிட வேண்டும். பின்னர் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒருங்கே அழுத்தினால் எந்த வேலை ஓடுகிறதென்று தெரியும். மாறிய பத்து நாளுக்குள் பழைய பதிப்புக்குத் திரும்பவும் இடமுண்டு.

மென்பொருளே குற்றவாளியாவதும் உண்டு. 2018 யூலையிலே புதிய மக்புக் புரோ கணனிகள் சூடேறி வேகங் குன்றின. வெப்பத்தை நிருவகிக்கும் உள்மென்பொருளில் குறையிருப்பதை அப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டு, திருத்தம் வெளியிட்டது.

எங்கள் கணனியிலோ மூன்றாம் நாள் வேலைப்பட்டியல் அமைதியாயிருந்தது. சூடு மட்டும் தணியவில்லை. மின்னை நீக்கி, பின்மூடியைக் கழற்றி, மின்கல இணைப்பையும் அகற்றினோம். விசிறிக்கும் வெப்பத் தகடுகளுக்கும் இடையே பஞ்சுபோல் ஓர் அடைப்பு. பார்த்தால், கம்பளி நார்! குளிருக்குக் கம்பளி போர்த்த மடியிலே வைத்துத்தானே படித்தோம்? நாரையும் தூசியையும் கீழ்த் துவாரம் வழியே விசிறி நாள்தோறும் இழுத்திருக்கிறது. புதுப்பதிப்பு வேலையைக் கூட்டியதும் பழைய அடைப்பு வெளிப்பட்டது.

கொழுந்து வாட்டும் தொட்டியை நினையுங்கள். இலையை அளவுமீறிக் கொட்டினால் கீழிருந்து வரும் காற்று ஏறாது, வாட்டம் பிழைத்துவிடும். இங்கும் அதே கதைதான். நுவரெலியா 1868 மீற்றர் உயரத்திலுள்ளது; காற்றின் அடர்த்தி கொழும்பைவிட ஏறத்தாழ ஆறிலொரு பங்கு குறைவு. அந்தக் குறையை எங்கள் குளிர் ஈடுசெய்துவிடும், கம்பளியை ஈடுசெய்யாது.

விசிறியைச் சுழலவிடாமல் விரலாற் பிடித்துக்கொண்டு, மென்தூரிகையால் துடைத்தோம். வாயால் ஊதக்கூடாது, எச்சில் ஈரம் படும். காய்ந்திருந்த வெப்பப் பசையை வழித்து, பயறளவு புதுப்பசை இட்டோம். ஒப்படை உரிய நாளிலே போய்ச் சேர்ந்தது.

தூரிகையும் சிறு திருப்புளியும் இப்பொழுதும் எங்கள் பையில் உள்ளன. கூட்டம் முடிந்ததும் பின்வாங்கிலே இருப்போம். கணனி சுடுகிறதென்போர் அங்கே வரலாம்.