சகுராவும் சரக்கொன்றையும்

(கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



யப்பானியரின் சகுரா மலரைப் பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். திருக்கோணமலையில் அதைப் பேசுவதில் ஒரு சங்கடம் உண்டு. 1942 ஆம் ஆண்டு ஏப்ரல் 9 ஆந் திகதி காலை யப்பானிய விமானங்கள் நம் துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்தன. சீனக்குடாவிலே எண்ணெய்த் தாங்கி எரிந்தது. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் ‘ஹேர்மிஸ்’ என்னும் போர்க்கப்பல் மூழ்கியது. முந்நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். யப்பானிலே அது சகுராக் காலம்.

ஆயினும் மலர்மீது பழி இல்லை. எட்டாம் நூற்றாண்டின் ‘மன்யோசூ’ என்னும் பாடற்றொகையில் சகுராவைவிடப் பிளம் மலருக்கே பாட்டு அதிகம். பிளம், சீனத்திலிருந்து வந்த மோகம். பின்னரே தம் மலைகளிற் பூத்த மலரை அவர்கள் கண்டுகொண்டனர். 812 ஆம் ஆண்டிலே சாகா என்னும் மன்னர் மலர் விருந்து நடத்தினார். பிற்காலத்திலே குடியானவனும் உணவுப் பொதியுடன் மரத்தடிக்குப் போனான். ஹிரோஷிகேயின் மர அச்சுச் சித்திரங்களைப் பாருங்கள்: பூவுக்குக் கீழே உண்பவரும் குடிப்பவரும் நடப்பவருமாக ஒரே சனக்கூட்டம்! முழுதும் மலர்ந்தால் ஒரு வாரமளவே நிற்கும். ஆகையால்தான் அந்த அவசரம்.

பதினெட்டாம் நூற்றாண்டிலே மொத்தோரி நொரினாகா என்ற அறிஞர், காலை வெயிலில் ஒளிரும் மலைச் சகுராவைத் தம் நாட்டு உள்ளத்துக்கு ஒப்பிட்டுப் பாடினார். அவர் பாடியது மலர்ந்த பூவை, உதிர்ந்த பூவையல்ல. 1944 ஆம் ஆண்டு ஒக்டோபரில், விமானத்தோடு மோதிச் சாகப் புறப்பட்ட முதற் படைப்பிரிவுகளுக்கு அப்பாட்டின் சொற்களையே பெயராக இட்டனர். ஆள் ஏறிச் செலுத்தும் வெடிகுண்டு ஒன்றுக்குச் சகுரா மலர் என்றே பெயர் வைத்தனர். அக்காலத்தில் அப்படிப் போனவர்களிற் பலர் கல்லூரி மாணவர், உங்கள் வயதினர். பூ உதிர்வது இயற்கை. பிள்ளையை உதிர்ப்பது அரசின் கட்டளை. இரண்டையும் ஒன்றாக்கிக் காட்டியதே அந்தக் கவிதைக்குச் செய்த துரோகம் என்பேன்.

நமக்கும் சித்திரையிலே கொன்றை உண்டு. அதுவும் உதிர்கிறது; நிலமெல்லாம் பொன்னாகிறது. கோணேசப் பெருமானுக்கு உகந்த மலர் அது. (அதன் காயின் சதை மலச்சிக்கலுக்கும் மருந்து, வைத்தியர் அறிவர்.) அதைப் போல உதிர்ந்து சாகவேண்டுமென்று எவரும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை.

நிலாவெளி வீதியிலே யுத்த மயானம் இருக்கிறது. கொன்றை பூக்கும் நாளொன்றில் அங்கே சென்று, கற்களிலே பொறித்திருக்கும் வயதுகளை வாசித்துப் பாருங்கள்.