எதைப் பற்றி சார்?

பஸ் இருபது நிமிஷம் தாமதம் என்று யாராவது சொல்லிவிட்டால், நாம் நிம்மதியாக டீக்கடைப் பக்கம் ஒதுங்கிவிடுவோம். எப்போது வரும் என்றே தெரியாவிட்டால், அதே இருபது நிமிஷம் நம்மைப் படுத்தி எடுத்துவிடும்.

அமெரிக்காவில் ஜே வைஸ் என்ற விஞ்ஞானி இதை எலிகளிடம் சோதித்துப் பார்த்தார். 1972-இல் அதைப் பற்றி விரிவாக எழுதினார். இரண்டு எலிகள். இரண்டுக்கும் வாலில் ஒரே அளவு மின்சார அதிர்ச்சி, ஒரே நேரத்தில். ஒன்றுக்கு மட்டும் அதிர்ச்சிக்குச் சற்று முன்னால் ஒரு ஒலி கேட்கும். மற்றதற்கும் ஒலி உண்டு. ஆனால் சம்பந்தமில்லாத நேரத்தில். பாவம், எலிகள்!

பிறகு வயிற்றைப் பார்த்தால், முன்கூட்டியே தெரிந்துகொண்ட எலிக்குப் புண் மிகக் குறைவு. இத்தனைக்கும் இரண்டும் பட்ட வலி ஒன்றுதான். ஒலி கேட்காத நேரமெல்லாம் முதல் எலிக்கு ஓய்வு. மற்றதற்கு ஓய்வே கிடையாது.

நமக்கும் அப்படித்தான். ஆபத்து என்றதும் அட்ரினல் சுரப்பி கார்ட்டிசாலைச் சுரக்கும். ஆபத்து தீர்ந்தால் அடங்கும். தீர்ந்ததா இல்லையா என்றே தெரியாவிட்டால்?

மேலதிகாரி சாயங்காலம் கிளம்பும்போது, "நாளைக்கு உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்" என்று சொல்லிவிட்டுப் போவார். அன்றைக்குத் தூக்கம் போச்சு. "எதைப் பற்றி சார்?" என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் லீவு கணக்காகத்தான் இருக்கும்.